கைமாத்து உயிர்

ஒரே அடியில் சாவு. ரத்தம் குறைகிற பட்டை கிடையாது, வழியில் மருந்துப் பெட்டி கிடையாது. கம்பு மணி அளவுக்கு ஒரு குண்டு மேலே உரசினால் போதும், நம்ம ஆள் எகிறி விழுந்து மல்லாந்துவிடுவான். குண்டுகூட வேண்டாம், எதிரே ஓடிவருகிற சிப்பாய் இடித்தாலே முடிந்தது. கையில் மூன்று உயிர். அதற்குள் காடு, பாசறை, அருவி, பனி என்று எட்டு ஸ்டேஜ் தாண்ட வேண்டும். இப்படி ஈவிரக்கமே இல்லாத ஒரு விளையாட்டைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தலையில் வைத்துக் கூத்தாடிக்கொண்டிருக்கிறேன். காண்ட்ரா! பெயரை எழுதும்போதே வலது கட்டைவிரல் துடிக்கிறது.

எத்தனையோ விளையாட்டு வந்துவிட்டது. தங்கை மகன் போனில் ஆடுவதைப் பார்க்கிறேன். புல்லின் நுனியில் பனித்துளிகூடத் தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் தொடையில் ஓங்கி அறைந்து, "எஸ்ஸ எடுக்காதலே, அது எனக்கு!" என்று அலற வைக்கிற விளையாட்டு அதில் ஒன்றாவது உண்டா? உண்டென்று சொல்பவர் கோவில்பட்டிக்கு வரட்டும். பஸ் செலவு என்னுடையது.

1997, முழுப்பரீட்சை லீவு. எனக்குப் பதினொரு வயது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அண்ணாச்சி, பூத்தின் பின்பாதியைச் சேலைத் திரையால் மறைத்து இரண்டு டிவியை வைத்தார். வாசலில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா எழுத்து: 'வீடியோ கேம், அரை மணி மூணு ரூபா.' உள்ளே ஒரு பெஞ்சு. ஆடுகிறவர்கள் தரையில், பார்க்கிறவர்கள் பெஞ்சில், காசில்லாதவர்கள் திரைக்கு வெளியே. நான் முதல் ஒரு வாரம் திரைக்கு வெளியேதான். அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஆகவே காண்ட்ராவை நான் முதலில் காதால்தான் அறிந்தேன். அந்தக் காட்டு ஸ்டேஜின் மெட்டு! ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஒரு பம்பை, ஓர் உறுமியை வைத்துக்கொண்டு நையாண்டி மேளக்காரர்கள் ஒரு தெருவையே ஆட வைப்பார்களே, அந்த ஜாதி இசை அது. பின்னாளில் தெரிந்துகொண்டேன்: அந்த விளையாட்டுப் பெட்டியின் ஒலிச் சில்லில் மொத்தமே ஐந்து தடம்தான். இசையமைப்பாளர் ஹிதெனோரி மாயெசாவா அந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு பட்டாளத்தையே போருக்கு அனுப்பியிருக்கிறார்.

அண்ணாச்சி கடையில் சட்டதிட்டங்கள் கடுமை. கேசட்டை அவர் மட்டும்தான் கழற்றுவார், ஊதுவார், மாட்டுவார். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சூடேறினால் கால் மணி நேரம் எல்லாருக்கும் ஓய்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலை மிட்டாய் தின்ற கையோடு ரிமோட்டைத் தொடக் கூடாது. பாகு ஒட்டிய பொத்தான் உள்ளே போனால் வெளியே வராது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கி உலகப் புகழடைந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய், 1997-இல் எங்கள் அண்ணாச்சி கடையில் தடைசெய்யப்பட்ட பொருள்.

அந்தப் பெட்டி, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் இறக்கிய ஃபேமிகாமின் நகல். அசல் பெட்டியை எங்கள் பக்கம் யாரும் கண்ணால் கண்டதில்லை. மேலே ஒட்டியிருந்த பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும். உள்ளே ஓடியது ஒன்றுதான். கேசட் மஞ்சள் நிறம். '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டால் ஒன்றாம் எண்ணில் காண்ட்ரா. கீழே போகப் போக மாரியோ, டாங்கி, சர்க்கஸ். இன்னும் போனால் வேறு பெயரில் மறுபடியும் அதே காண்ட்ரா, ஆனால் மூன்றாவது ஸ்டேஜிலிருந்து. பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு என்று நம்பி எண்ணிப் பார்த்தவனின் ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது. எனக்கு ஏமாற்றமே இல்லை. ஒன்றாம் எண்ணைத் தாண்டிப் போகிறவனைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும்.

என் முதல் உயிர் நாலு விநாடி தாங்கவில்லை. இரண்டாவது உயிர், பாலத்தின் மேல் போனது. அந்தப் பாலம் காலை வைத்ததும் துண்டு துண்டாக வெடிக்கும். கோடைக் கரிசலில் நடந்தவனுக்கு அந்த பயம் புதிதில்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது கோலிக்குண்டு ஒன்று உருண்டு உள்ளே போனால் போனதுதான். மழை பெய்து மண் மூடிக்கொண்டால் அடுத்த உழவுக்குத்தான் வெளியே வரும். அப்படிப்பட்ட தரையில் ஓடிப் பழகிய கால், திரையில் மட்டும் தடுமாறியது. மூன்றாவது உயிரில்தான் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "தண்ணிக்குள்ள குதிச்சு முங்குலே!"

முங்கினேன். ஆஹா! கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் ஆள் தண்ணீருக்குள் போய்விட்டான். மேலே குண்டுகள் பறக்கின்றன, ஒன்றும் படவில்லை. குண்டு வரும்போது படுக்கலாம், எகிறிக் குட்டிக்கரணம் போடலாம், முங்கலாம். எட்டுத் திசையிலும் சுடலாம். இவ்வளவுக்கும் ரிமோட்டில் இருப்பது திசைக்கு ஒரு சிலுவை, குதிக்க ஒரு பொத்தான், சுட ஒரு பொத்தான். சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். கைவர இரண்டு கோடை பிடித்தது.

இதன் நேர்மைதான் என்னைக் கட்டிப் போட்டது. எந்தக் குண்டும் மறைந்து வராது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில்தான் வரும். செத்தால் அது என் தப்பு. அதோ அங்கே படுத்திருக்க வேண்டும், நின்றேன், செத்தேன். அடுத்த முறை படுப்பேன். மழை ஏமாற்றும், பருத்தி விலை ஏமாற்றும் என்று பெரியவர்கள் புலம்பக் கேட்டு வளர்ந்தவனுக்கு, உழைத்தால் உழைத்த அளவு தருகிற ஓர் இடம் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது.

இந்த வகை விளையாட்டுக்குப் பெரிய வம்சாவளி உண்டு. பக்கவாட்டில் நகரும் திரையில் சுட்டுக்கொண்டே போவது 1981-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் வில்லியம்ஸின் டிஃபெண்டர், ஜப்பானில் கோனாமியின் ஸ்கிராம்பிள். 1985-இல் கோனாமியே கிரேடியஸ் கொண்டுவந்தது. எல்லாவற்றிலும் நாம் ஒரு விண்கலம். ஸ்கிராம்பிளிலும் கிரேடியஸிலும் திரை தானாக ஓடும், நாம் இழுபட்டுப் போவோம். 1987-இல் அதே கோனாமியிடமிருந்து ஆர்கேடு எந்திரமாக வந்த காண்ட்ரா, ஆளைக் கலத்திலிருந்து இறக்கித் தரையில் ஓடவிட்டது. இதில் நாம் நகர்ந்தால்தான் திரை நகரும். நிற்கலாம், மூச்சு வாங்கலாம், அடுத்த பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யோசிக்கலாம். ஆர்கேடு எந்திரத்தின் திரை உயரவாக்கில் இருந்தது. 1988 பிப்ரவரியில் ஃபேமிகாமுக்கு வந்தபோது டிவியின் அகலத்துக்கு ஏற்ப விரித்து, ஸ்டேஜ்களையும் நீட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை அழகானான் என்பேன்.

துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கை அரிக்கும். பறந்து வருகிற மாத்திரை போன்ற உறையைச் சுட்டால் ஓர் எழுத்து விழும். எம் என்றால் மிஷின் கன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். எஃப் என்றால் தீ உருண்டை சுழன்று சுழன்று போகும். பார்க்க அழகு, காரியத்துக்கு உதவாது. எல் என்றால் லேசர். வலுவானதுதான், ஆனால் அவசரப்பட்டு இரண்டாம் முறை அழுத்தினால் முதலில் போன கதிர் பாதியில் மறைந்துவிடும். பொறுமைசாலிகளின் ஆயுதம். பிறகு எஸ். எங்கள் வாயில் 'எஸ்ஸு'. ஒரே அழுத்தில் ஐந்து குண்டுகள் விசிறி மாதிரி விரிந்து போகும். களத்தில் கம்பு தூற்றுகிறவன் முறத்தை ஒரு வீசு வீசினால் தானியம் விரியுமே, அப்படி. எஸ்ஸு கையில் இருப்பவன் நடையே வேறு. அவன் செத்தால் எஸ்ஸும் போய்விடும். பழைய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியோடு பிறந்து வருவான். ராஜா ஒரு விநாடியில் பஞ்சைப் பராரியாவதைத் திரையில் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். நமக்கு நடக்கும்வரை.

இரண்டாவது ஸ்டேஜில் பார்வையே மாறும். அதுவரை பக்கவாட்டில் ஓடியவர்கள், திடீரென்று நமக்கு முதுகைக் காட்டி ஒரு பாசறையின் உள்ளே போவார்கள். எதிர்ச் சுவரிலிருந்து குண்டு நம்மை நோக்கி வரும். ஒரு வாய்க்கால் வரப்பில் நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று சுரங்கத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். அது முடிந்தால் மூன்றாவது. அருவி.

கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு அருவி என்றால் குற்றாலம். அதுவும் சீசனில், யாராவது வேன் பிடித்தால். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. நான் பார்த்த முதல் அருவி காண்ட்ராவின் அருவிதான். அதில் நீங்கள் குளிக்க முடியாது, ஏறத்தான் வேண்டும். திரை மேல்நோக்கி நகரும். பாறைக்குப் பாறை தாவ வேண்டும். இங்கேதான் இரண்டு பேர் ஆடுவதன் பூதம் வெளியே வரும். ஒருத்தன் வேகமாக மேலே ஏறினால் திரையும் அவனோடு ஏறும். கீழே தங்கிவிட்டவன் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போய்ச் செத்துவிடுவான். எதிரி கொல்லவில்லை, கூட்டாளி கொன்றான். கோவில்பட்டியில் இந்த அருவியால் பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள் உண்டு.

அதைத் தாண்டி இன்னொரு பாசறையையும் முடித்தால் ஐந்தாவது ஸ்டேஜ். பனி. கத்திரி வெயில், தகரக் கூரை, ஓடாத ஃபேன், ஏழு பையன்களின் வேர்வை வாடை. டிவியில் வெள்ளை வெளேரென்று பனி. நம்ம ஆள்கள் இரண்டு பேரும் சட்டையே இல்லாமல் அந்தப் பனியில் ஓடுகிறார்கள். "அவனுக்குக் குளிராதா அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான். அண்ணாச்சி பனை ஓலை விசிறியை வீசிக்கொண்டே, "அவனை இங்க வரச் சொல்லு, நான் அங்க போறேன்" என்றார்.

மாரியோவிலும் இரண்டு பேர் ஆடலாமே என்பீர்கள். அதில் ஒருவன் செத்த பிறகு அடுத்தவன் ஆடுவான். ரேஷன் கடை வரிசை அது. காண்ட்ராவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே திரையில், ஒரே குழிக்குப் பக்கத்தில். எனக்கு வாய்த்த அந்த இன்னொருவர் என் அக்கா.

அடுத்த வருஷம் அம்மா சீட்டு எடுத்த மாதத்தில், பெரியம்மா மகன் தன் பழைய வீடியோ கேம் செட்டை எங்களுக்குத் தள்ளிவிட்டான். எங்கள் வீட்டில் இருந்தது பதினாலு இஞ்சு கறுப்பு வெள்ளை டிவி. அக்கா பத்தாவது முடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அது ஃபாக்டரி இல்லை, ஆபீஸ்தான். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கட்டை என்று ஒரு சின்ன நோட்டில் கணக்கு. அவள் விரல் ஓடுவதைப் பார்த்தால் தெரியாது, குச்சி தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்காருவதாகத்தான் தோன்றும்.

அந்த விரலை ரிமோட்டில் வைத்தால் என்ன ஆகும்? முதல் நாள், "எதுக்குடா இந்தச் சனியன்" என்று உட்கார்ந்தவள், நான்காம் நாள் அருவியைத் தாண்டினாள். வெறும் துப்பாக்கியில் நான் மூன்று குண்டு விடுகிற நேரத்தில் அவள் ஆறு விடுவாள். அண்ணாச்சி கடையில் ஒரு வருஷம் காசு கொட்டிப் பழகிய என் வித்தை ஒரு வாரத்தில் இரண்டாம்தரம் ஆகிவிட்டது. அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஊர் பார்க்காத அந்த விளையாட்டை நான் பார்த்தேன். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கறுப்பு வெள்ளையில் ஒரு தொல்லை. ஒருவன் நீல டிரவுசர், இன்னொருவன் சிவப்பு டிரவுசர். பில், லான்ஸ் என்று பெயர். எங்கள் டிவியில் இரண்டு பேரும் சாம்பல். ஒருவன் கொஞ்சம் வெளுத்த சாம்பல், அவ்வளவுதான். குண்டு மழைக்கு நடுவில் யாரோ ஒருவன் சுருண்டு விழுவான். "யக்கா, செத்தது நீயா நானா?" இரண்டு பேரும் ஒரு குதி குதித்துப் பார்ப்போம். குதிக்காதவன்தான் செத்தவன்.

இங்கேதான் காண்ட்ராவின் உச்சம். ஒருவனுக்கு உயிர் எல்லாம் தீர்ந்துபோனால், ஒரு பொத்தானை அழுத்திக் கூட்டாளியின் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு மறுபடி பிறக்கலாம். கேட்க வேண்டியதில்லை. அவன் சம்மதிக்க வேண்டியதில்லை. நாங்கள் இதற்கு வைத்த பெயர் கைமாத்து. கரிசலில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. விதைப்புக்கு முன் பக்கத்து வீட்டில் வாங்கி, பருத்தி எடுத்த பிறகு திருப்பிக் கொடுப்பது. எழுத்தாளர் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதிக்கு யாராவது பின்னிணைப்பு போட்டால், 'லைஃப் கைமாத்து' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கிறேன்.

அக்கா கணக்கில் கறார். தீப்பெட்டி ஆபீஸ் நோட்டின் முன்பக்கம் கட்டைக் கணக்கு. கடைசிப் பக்கம் உயிர்க் கணக்கு. நான் வாங்கியது ஒரு வரிசை, அவள் வாங்கியது ஒரு வரிசை, கோடு கோடாக. ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. வாரக் கடைசியில் கழித்துப் பார்ப்பாள். எப்போதும் நான்தான் கடன்காரன்.

இதற்கிடையே பள்ளிக்கூடத்தில் ஒரு ரகசியம் வாய்ப்பாடு மாதிரி பரவியது. மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. தலைப்புத் திரையில் இதைச் சரியாக அழுத்தினால் முப்பது உயிர். இரண்டு பேருக்கு என்றால் செலெக்டையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட். இதைக் கண்டுபிடித்தவன் ஏதோ மதுரைப் பையன் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்கிற கோனாமிக்காரர். 1986-இல் கிரேடியஸை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்காக ஆட உட்கார்ந்தால் அவராலேயே தாண்ட முடியவில்லையாம். தனக்கு வசதியாக ஒரு குறுக்குவழி வைத்தார். விளையாட்டு வெளியே போகும்போது அது உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு காண்ட்ராவுக்கும் அதே வழி வந்து சேர்ந்தது. தான் செய்த விளையாட்டிலேயே தோற்றவர், உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் உயிர் கொடுத்துவிட்டுப் போனார். 2020 பிப்ரவரியில், 61 வயதில் காலமானார். அன்று நான் மனதுக்குள் அந்த வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் முப்பது உயிர் செல்லாது. "ஓசி லைஃப் கணக்குல வராது" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூன்றுதான். மூன்றோடு எட்டு ஸ்டேஜ்.

அந்தச் சின்னப் பெட்டி எங்களுக்காகப் பட்ட பாட்டைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது அதன் மேல் பாசம் கூடிவிட்டது. ஃபேமிகாமின் உள்நினைவகம் 2 கிலோபைட். அமெரிக்காவுக்குப் போன காண்ட்ரா கேசட்டில் மொத்த விளையாட்டும் 128 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற ரோஜாப்பூ வணக்கம் பல நேரம் அதைவிடப் பெரிது. திரையில் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் துண்டுகளைத்தான் அந்தப் பெட்டியால் காட்ட முடியும். ஆள், எதிரி, குண்டு எல்லாம் சேர்ந்து எட்டைத் தாண்டினால், ஒரு சுற்றில் சிலதைக் காட்டி அடுத்த சுற்றில் மற்றதைக் காட்டிச் சமாளிக்கும். அதனால்தான் சண்டை உச்சத்துக்குப் போகும்போது எல்லாம் மினுங்கும். நாங்கள் அப்போது வோல்டேஜ் குறைகிறது என்று நினைத்தோம். எட்டுப் பேருக்குச் சமைத்த சோற்றைப் பன்னிரண்டு பேருக்குப் பரிமாறுகிற வீட்டுப் பெண்ணின் கைவேலை அது.

1999 ஐப்பசியில் ஒரு மழை. வெயிலில் இரும்பாக இருந்த கரிசல், மழை பட்டால் களி. வாசலில் இறங்கினால் செருப்பில் ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ ஏறும். ஆபீஸ் லீவு, பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலம் உட்கார்ந்தோம். ஆறாவது ஸ்டேஜின் தீப்பிழம்புகளைத் தாண்டினோம். ஏழாவதில் தரையிலிருந்து எழும்புகிற முள் சுவர்களையும் உருண்டு வருகிற வண்டிகளையும் தாண்டினோம். எட்டாவதில் நுழையும்போது அக்காவுக்கு இரண்டு உயிர், எனக்கு ஒன்று. அது ஸ்டேஜே இல்லை, ஏதோ மிருகத்தின் வயிறு. சுவர் சதையாக இருக்கும். வாயிலிருந்து குட்டிகளைத் துப்புகிற ஒரு தலை. அதைத் தாண்டினால் கடைசியில் துடித்துக்கொண்டே ஓர் இதயம். சுற்றிலும் முட்டை, முட்டையிலிருந்து நண்டு மாதிரி ஏதோ குதிக்கும். ஒன்று என் மேல் குதித்தது. கேட்காமலேயே அவள் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு பிறந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மழையில் கரண்ட் எந்த நிமிஷமும் போகும், போனால் மறுபடி முதல் ஸ்டேஜ், சேமித்து வைக்கிற வழியே இல்லை. கரண்ட் போகவில்லை. இதயம் வெடித்தது. ஹெலிகாப்டர் கிளம்பியது, தீவு சிதறியது, பெயர்கள் ஓடின.

அடுப்படியிலிருந்து அம்மா, "முடிஞ்சிருச்சா? இனி இந்தச் சத்தம் இருக்காதுல்ல?" என்றாள். அப்போது திரையில் மறுபடி காடு வந்தது, அதே மெட்டு. முடித்தவர்களை இன்னும் கஷ்டமாக முதலிலிருந்து ஆடச் சொல்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் ரிமோட்டை எடுத்துக்கொண்டோம்.

ஜப்பானில் காண்ட்ராவின் பெயரை மூன்று சீன எழுத்துகளில் எழுதுகிறார்கள். அதில் முதல் எழுத்துக்கு ஆன்மா என்று பொருள். தெரிந்த நாளிலிருந்து, நாங்கள் வாங்கியும் கொடுத்தும் வந்த சரக்குக்கு ஏற்ற பெயர்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

2003-இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆகித் திருப்பூர் போனாள். அந்த வருஷமே செட்டு பழுதாகிக் காயலான் கடைக்குப் போனது. நோட்டு எங்கே போனதென்று தெரியாது.

சென்ற பங்குனியில் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். பழைய விளையாட்டுகள் எல்லாம் அடங்கிய ஒரு குச்சியை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன். டிவியின் பின்னால் சொருகினால் போதும், ஊத வேண்டியதில்லை. தேர் பார்த்துவிட்டு வந்த அலுப்போடு தரையில் உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று இஞ்சு கலர் டிவியில் காடு வந்தது. பச்சைப் பசேலென்று மரம், கீழே நீலத் தண்ணீர். மேலேயிருந்து இரண்டு பேர் குதித்தார்கள்.

"அட, நான் சிவப்பா?" என்றாள் அக்கா.

அவள் மகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எப்படிச் சொல்வது? முதல் பாலத்தில் அவள் தடுமாறினாள். அந்த விரலில் இப்போது தையல் மிஷின் ஊசி ஏறிய தழும்பு ஒன்று இருக்கிறது. காட்டின் முடிவில் இருக்கும் சுவரை உடைக்கும்போது கை சூடு பிடித்துவிட்டது. பாசறையைத் தாண்டினோம். அருவியில் நான் அவசரப்பட்டு இரண்டு பாறை மேலே தாவ, திரை ஏறி, அவள் கீழே மாட்டிக்கொண்டு செத்தாள். மறுபடி பிறந்தாள், மறுபடி அதே மாதிரி கொன்றேன். தெரியாமல்தான். அவள் உயிர் தீர்ந்தது. என் கணக்கில் இரண்டு இருந்தது.

மேலே நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு டிரவுசர் மேலேயிருந்து குதித்து என் பக்கத்தில் வந்து நின்றான். என் கணக்கில் ஒன்று குறைந்தது.

"நீ எனக்கு நாப்பத்து மூணு தரணும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப நாப்பத்திரண்டு."